வாங்கிய வண்டியும் ஆக்கிய வண்டியும்

(பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர்)

பெருவிழா மலருக்கு எழுதப் புகுவோர் கல்லூரியின் பழம்பெருமை, ஆசிரியர்தம் தொண்டு, சமயம், மொழி என்றின்ன பெரும்பொருள்களை எடுத்துக்கொள்ளுதலே வழக்கம். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ உள்ளங்கையில் அடங்குவது. சிறுவர் சட்டைப்பையிற் கிடப்பது. வகுப்பறையில் ஆசிரியர் கண்ணிற் பட்டாற் பறிபோவது. வார்ப்பு உலோகத்தாலான சிறிய பொம்மைக் காரே அது. இதனைப் பற்றி மலரில் எழுதுவதா என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். பொறுத்தருளி இறுதிவரை படிப்பாராயின், பொருள் சிறிதாயினும் அதனுள் அடங்கிய வினா சிறிதன்று என்பது புலனாகும்.

எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். கடையில் வாங்கிய பொம்மைக் காரைப் பெட்டியோடு அலமாரியில் அடுக்கி வைத்தல் ஒன்று. அதனைக் கழற்றி, பழைய பூச்சை நீக்கி, அரத்தால் அராவி, வேறு நிறந் தீட்டி, வேறு சில்லுப் பூட்டித் தனதாக்கிக்கொள்ளுதல் மற்றொன்று. முன்னையது பணத்தின் விளையாட்டு. பின்னையது கையின் கல்வி. மேனாடுகளிற் பல்லாயிரவர் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கும் இவ்வுருமாற்றுக் கலையை எம் மாணவரும் பயிலல் வேண்டும். அதற்குக் கல்லூரி ஓர் இடமுந் தருதல் வேண்டும். இதுவே யாம் இங்கு வற்புறுத்த விரும்புவது.

சிறுதேர் மரபு

சிறுவர் வண்டியுருட்டி விளையாடுதல் நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடும் பட்டினப்பாலையிலே, குதிரை பூட்டாமற் சிறுவர் கையால் உருட்டும் மூன்றுகாற் சிறுதேர் வருகின்றது. பெரும்பாணாற்றுப்படையிலோ, தச்சர் வீட்டுச் சிறுவரும் கண்டு விரும்பும்படி செய்யப்பெற்ற சிறுதேரொன்று பேசப்படுகின்றது. இவ்விடத்தைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் யாம் சிறிது நின்று செல்வதுண்டு. பொம்மையின் சிறப்பை எடுத்துரைக்கப் புலவர் செல்வர் வீட்டுப் பிள்ளையைச் சாட்சிக்கு அழைத்திலர். தொழிலறிந்தவன் பிள்ளையையே அழைத்தார். செய்யத் தெரிந்தவனுக்கே செய்பொருளின் அருமை தெரியும் என்பது அக்காலத்தவர் நன்குணர்ந்த உண்மை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானதும் சிறுதேர்ப் பருவமே. அம்புலியை அழைத்து, சிற்றில் சிதைத்து, சிறுபறை முழக்கிய பிள்ளை கடைசியில் வந்து சேரும் இடம் தேர் உருட்டல்.

வடமொழியிற் சூத்திரகர் இயற்றிய நாடகத்தைப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்னும் பெயரால் தமிழாக்கினார். அதிலே சாருதத்தனின் சிறு மைந்தன், அயலார் வீட்டுப் பிள்ளையின் பொற்றேரோடு விளையாடிய பின்னர்த் தன் மண்தேரை வெறுத்து அழுகின்றான். வசந்தசேனை தன் அணிகலன்களைக் கழற்றி அம்மண்தேரில் நிரப்பி அவனைத் தேற்றுகின்றாள். அவள் அன்பு போற்றத்தக்கதே. ஆயினும் அச்சிறுவனின் அழுகை இன்றும் எம் வீடுகளில் ஓய்ந்தபாடில்லை. அயல்வீட்டுப் பிள்ளையிடம் உள்ளது தனக்கும் வேண்டும் என்று பிள்ளை அழ, பெற்றோர் கடன்பட்டாயினும் வாங்கிக் கொடுக்கின்றனர். மண்தேரிற் பொன்னை நிரப்புவதைவிட, அம்மண்தேருக்கு நிறந் தீட்டப் பிள்ளைக்குக் கற்பித்தால் என்ன? இவ்வினாவிலிருந்தே எமது கட்டுரை பிறக்கின்றது.

நெருப்புப் பெட்டியிற் புகுந்த கார்

வார்ப்புக் கார்களின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிதல் நலம். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து மெக்கானோ நிறுவனத்தார் 1934 ஆம் ஆண்டு முதல் 'டிங்கி' என்ற பெயரிற் சிறு கார்களை விற்கலாயினர். மெற்றோய் நிறுவனத்தார் 1956 இல் 'கோர்கி' கார்களை வெளியிட்டனர். யன்னல்களுக்குக் கண்ணாடி போன்ற தெளிந்த தகடு வைத்தது அவற்றின் புதுமை.

இவ்விரண்டிற்கும் இடையில் எழுந்ததே 'மச்பொக்ஸ்'. இலண்டனில் 1947 இல் தொடங்கப்பெற்ற லெஸ்னி என்னும் சிறு வார்ப்பகத்திற் பணியாற்றிய ஜாக் ஓடெல் என்பவருக்கு ஒரு மகள் இருந்தாள். நெருப்புப் பெட்டிக்குள் அடங்கும் பொம்மையையே பள்ளிக்கூடத்திற்குக் கொண்டு வரலாம் என்பது அவள் பள்ளியின் விதி. தந்தையார் தம் வார்ப்பகத்தில் முன்னர்ச் செய்த வீதியுருளை வண்டியொன்றை மிகச் சிறிதாக்கிப் பித்தளையிற் செய்து, நெருப்புப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். உடன்பயின்ற பிள்ளைகள் தமக்கும் வேண்டுமென்றனர். 1953 இல் அப்பெயரிலேயே வண்டிகள் விற்பனைக்கு வந்தன. அதே ஆண்டில் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவை ஒட்டி அந்நிறுவனத்தார் வார்த்த சிறு அரசத்தேர் பத்து இலட்சத்திற்கு மேல் விற்றது. தொழிற்சாலைப் பொருளாகப் பின்னர் உலகெங்கும் பரவிய அவ்வண்டி வரிசை, தகப்பன் ஒருவன் தன் பிள்ளைக்காகத் தன் கையாற் செய்த ஒன்றிலிருந்து தோன்றியது என்பதை வாசகர் மனங்கொள்க. பள்ளி விதியும் இங்கே ஒரு கலைக்குக் காரணமாயிற்று என்பது ஆசிரியராகிய எமக்கு ஆறுதல் தருவது.

நெருப்புப் பெட்டி வரிசையில் 1957 இல் ஒஸ்ரின் ஏ50 காரும், 1958 இல் மொறிஸ் மைனர் காரும் வெளிவந்தன. யாழ்ப்பாணத்துப் பழைய மாணவருக்கு இப்பெயர்களை விளக்க வேண்டியதில்லை. தம் தகப்பனாரின் திருமண ஊர்வலத்தில் ஓடிய காரும், தம்மை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற வாடகைக் காரும் பெரும்பாலும் இவ்வினத்தனவே.

அமெரிக்காவிற் கதை வேறுவிதமாக நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியா மாநிலத்து இளைஞர் பழைய கார்களை மலிவாக வாங்கி, கூரையைத் தாழ்த்தி, பொறியை மாற்றி, மினுங்கும் நிறந் தீட்டித் தம் மனம்போல் ஆக்கிக்கொண்டனர். மற்றெல் நிறுவனத்தின் எலியட் ஹான்ட்லர் இக்கார்களின் கவர்ச்சியைப் பொம்மைக்குக் கொண்டுவர எண்ணி, மோட்டார் நிறுவனத்தில் வடிவமைப்பாளராயிருந்த ஹரி பிராட்லி என்பவரை அமர்த்தினார். 1968 இல் 'ஹொட் வீல்ஸ்' என்ற பெயரில் 16 கார்கள் வெளிவந்தன. மெல்லிய கம்பி அச்சில் உராய்வின்றிச் சுழலும் சில்லுகளால் அவை முன்னைய பொம்மைகளை ஓட்டத்தில் வென்றன. அவற்றுட் பலவற்றின் பெயருக்கு முன்னே 'உருமாற்றிய' என்னும் பொருள்படும் 'கஸ்ரம்' என்ற அடைமொழி இருந்தது. ஆகவே சிறு காரை உருமாற்றுதல் பின்னர் வந்து ஒட்டிய ஆசையன்று. இளைஞர் தம் கொல்லைப்புறத்திற் கையாற் செய்த மாற்றமே அப்பொம்மையின் தாய். பொம்மையை மாற்றுவோன் அதன் பிறப்பிடத்திற்கே அதனை மீட்டுச் செல்கின்றான்.

டிங்கியின் லிவர்பூல் தொழிற்சாலை 1979 இல் மூடப்பட்டது. லெஸ்னி 1982 இல் முறிந்தது. நெருப்புப் பெட்டிப் பெயர் கைமாறிக் கைமாறி 1997 இல் மற்றெல் நிறுவனத்தையே அடைந்தது. நிறுவனங்கள் போயின, அவை வார்த்த கார்கள் மட்டும் பூச்சுரிந்தும் சில்லிழந்தும் உலகெங்கும் வீடுகளிற் கிடக்கின்றன. உருமாற்றுவோனுக்கு வேண்டிய மூலப்பொருள் அவையே.

கை கற்கும் பாடம்

இனி, வேலை எவ்வாறு நடைபெறுகின்றது என்று காண்போம். உண்மையில் வேலையின் சிறப்பு அதன் ஒழுங்கிலேயே இருக்கின்றது.

சிறு காரின் உடலையும் அடித்தகட்டையும் பிணைப்பவை, உடலின் உட்புறத்திலிருந்து நீளும் இரண்டு சிறு தூண்களே. தொழிற்சாலையில் அத்தூண்களின் முனை தகட்டின் துளைவழியே வந்தபின் குமிழாக நசுக்கப்படுகின்றது. அக்குமிழைத் துறப்பணத்தால் மெல்லத் துளைத்தெடுத்தாற் கார் நான்காகப் பிரியும்: உடல், யன்னல் தகடு, இருக்கைத் தொகுதி, அச்சும் சில்லும் தாங்கிய அடித்தகடு. துறப்பணம் சற்றே விலகினால் அடித்தகடு கீறுண்டு போம். ஆழமாக இறங்கினால் தூண் போம். ஆகவே முதற் பாடம் பொறுமை. பின்னர் அத்தூணின் நடுவே 1.6 மில்லிமீற்றர்த் துளையிட்டுப் புரிவெட்டினால், 2 மில்லிமீற்றர்த் திருகாணியாற் காரை விரும்பியபோது பூட்டவும் கழற்றவும் கூடும். நசுக்கி மூடியதைத் திறந்து பார்க்கத்தக்கதாக மாற்றும் இச்சிறு செயலிற் பெரியதொரு கல்விக் கொள்கை அடங்கியிருக்கின்றது என்பது எமது துணிபு.

அடுத்தது பழைய பூச்சை அகற்றல். பூச்சு நீக்கியிலே சிறிது நேரம் இட்டுவைத்துத் தூரிகையால் தேய்க்கப் பூச்சுத் தோல்போல் உரியும். உள்ளே சாம்பல் நிற உலோகம் தோன்றும். அதன்மேல் அச்சின் இரு பாதிகளும் கூடிய இடத்தில் மெல்லிய வரம்பு தெரியும். கடையில் வாங்கி விளையாடுவோன் ஒருநாளும் காணாத வரம்பு அது. சிறு அரத்தாலும் உப்புத்தாளாலும் அதனை அராவி மட்டமாக்கல் வேண்டும். பின்னர்ச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்தி, விரல் படாது வைத்தல் வேண்டும். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் நிறம் பிடியாது.

நிறந் தீட்டுமுன் அடிப்பூச்சு. அதன்பின் மெல்லிய பூச்சுகள் இரண்டு மூன்று. இங்கே ஒரு சிறு கணக்கு உண்டு. இக்கார்கள் பெரும்பாலும் உண்மைக் காரில் ஏறத்தாழ 64 இல் ஒரு பங்காக அமைந்தவை. நான்கு மீற்றர் நீளமான கார் 62.5 மில்லிமீற்றர் ஆகின்றது. அவ்வாறாயின், சிறு காரின்மேல் 0.1 மில்லிமீற்றர் தடிப்பாகப் பூச்சு இட்டால், அது பெரிய காரில் 6.4 மில்லிமீற்றர் தடிப்பாக அப்பியதற்கு ஒப்பாகும். கதவின் கோடு மறையும். காரின் முகம் வீங்கியதுபோல் தோன்றும். விகிதத்தைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினும் மனங்கொள்ளாத மாணவன், தன் கார் ஒன்று பூச்சில் மூழ்கிக் கெட்டபின் அதனை மறவான்.

விளக்குகளுக்கு வெள்ளியும், பின்விளக்குக்குச் சிவப்பும் இடுதல் நுண்வேலை. மேனாட்டார் பல் குத்துங் குச்சியின் முனையாற் செய்கின்றனர். எமக்குத் தென்னோலை ஈர்க்கு இருக்கின்றது. விலையுயர்ந்த பூச்சுக் கிடைக்காதவிடத்து நகப்பூச்சு நன்கு உதவும். உலகெங்கும் இக்கலைஞர் அதனைப் பயன்படுத்துவர். குளிர்பானப் பேணியின் அலுமினியத் தகட்டைக் கத்தரித்தால் காரின் பின்சிறகாகும். ஒரு காரின் சில்லை மற்றொன்றிற்குப் பூட்டும்போது அச்சின் நீளம், சில்லின் விட்டம், உடலின் வளைவு மூன்றும் ஒத்துவரல் வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றிரண்டும் பேசத் தொடங்கும். இறுதியில் தெளிந்த மேற்பூச்சு இட்டு, உலர்ந்தபின் திருகாணி முடுக்கினால் வேலை நிறைவெய்தும். ஒரு மாலையில் தொடங்கி ஒரு மாலையில் முடிவதன்று. ஒவ்வொரு பூச்சும் உலரும்வரை காத்திருத்தல் வேண்டும். திரையைத் தொட்டவுடன் யாவும் வந்து நிற்கும் இக்காலத்திலே, காத்திருக்கக் கற்பிக்கும் பொழுதுபோக்கு எத்துணை அரியது!

உலோகம் உரைக்கும் உண்மை

இக்கார்கள் இரும்பாலானவை என்று பலரும் எண்ணுவர். அவை நாகத்தின் கலப்புலோகம்; நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு அலுமினியமும், மிகச் சிறிதளவு மகனீசியமும் சேர்ந்தது. ஏறத்தாழ 385 பாகை செல்சியசில் உருகுவதால் எஃகு அச்சிலே அழுத்தத்துடன் செலுத்தி நுண்ணிய வடிவங்களையும் வார்க்கலாம்.

உலகப் போருக்கு முன் வார்க்கப்பட்ட கார்கள் சில, எவரும் தொடாமற் பெட்டியில் இருந்தபோதே வெடித்துப் பொடியாய் உதிர்ந்தன. காரணம் யாதெனில், வார்ப்பிற் கலந்துவிட்ட மிகச் சிறிதளவு ஈயம். அது உலோக மணிகளின் இடையிடையே தங்கி, காற்றின் ஈரத்தால் உள்ளிருந்தே அரித்துவிட்டது. பூச்சு அழகாகவே இருந்தது. உள்ளே உடல் அற்றுப்போயிற்று. தூய நாகத்தைக் கையாளத் தொடங்கிய பின்னரே இக்குறை நீங்கியது. வேதியியற் பாடத்தில் மாசு என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை. ஒழுக்கப் பாடத்திற்கும் அவ்வாறே.

ஈயத்தைப் பற்றிப் பேசுமிடத்து எச்சரிக்கையும் கூறல் வேண்டும். பழைய பொம்மைகளின் பூச்சில் ஈயம் இருக்கலாம். அண்மைக் காலத்திலும் அவ்வாறு நேர்ந்ததுண்டு. 2007 இல் மற்றெல் நிறுவனமே தன் பொம்மைக் கார்களில் ஒருவகையை ஈயப் பூச்சின் காரணமாகத் திரும்பப் பெற்றது. ஆகவே பழைய பூச்சை உலர்ந்தவாறு தேய்த்துத் தூளாக்கலாகாது. ஈரத்தோடு தேய்த்தல் வேண்டும். பூச்சு நீக்கியையும் எரிசோடாவையும் சிறுவர் கையில் விடலாகாது. தெளிபூச்சு அடிப்பது திறந்த வெளியில், மூக்கை மூடி. துறப்பணம் பிடிக்கும்போது கண்ணாடிக் கவசம். வேலை முடிந்தபின் கைகழுவாது உண்ணலாகாது. இவையாவும் ஆய்வுகூட விதிகளே, புதியவை அல்ல.

தடைகளும் விடைகளும்

இனி எதிர்ப்போர் கூற்றை எடுத்துக்கொள்வோம்.

இது குழந்தை விளையாட்டு என்பர். விளையாட்டுப் பொருள் குழந்தையுடையது; அதன்மேற் செய்யும் வேலை தொழிலாளியுடையது. தேர்த்தச்சன் செதுக்கும் யாளியும் பொம்மைதானே!

செலவு மிகும் என்பர். புதிய காரை வாங்கவேண்டுமென்று யார் சொன்னார்? சில்லுடைந்த பழைய கார் ஒன்று, உப்புத்தாள் ஒன்று, நகப்பூச்சுக் குப்பி இரண்டு, சிறு அரம் ஒன்று. துறப்பணமும் புரிவெட்டியும் பத்துப் பேருக்கு ஒன்று போதும். அழகிய கார் வேண்டுமென்று தொடங்குவோனைவிட, கேடுற்ற காரைக் கொண்டு தொடங்குவோனே மிகுதியாகக் கற்பான்.

பரீட்சைக்கு நேரமில்லை என்பர். இதுவே வலிய தடை. இதனை யாம் இலேசாகக் கருதவில்லை. ஐந்தாம் வகுப்பிற் புலமைப்பரிசில், பின்னர்க் க.பொ.த. சாதாரண தரம், பின்னர் உயர்தரம். பள்ளி விட்டதும் தனியார் வகுப்பு, சனிக்கிழமையும் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு. இவ்வாறு பதின்மூன்று ஆண்டு கற்று வெளியேறும் மாணவன் ஒருவன், மின்விளக்கின் செருகியைக் கழற்றத் தெரியாது நிற்பதைக் காண்கின்றோம். பரீட்சையில் தவறியவனோ தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்று தன்னையே இகழ்ந்துகொள்கின்றான். அவன் கைகளுக்கு இருக்கும் ஆற்றலை அவனுக்கு யாரும் காட்டவில்லை. கிழமைக்கு இரண்டு மணி நேரம் கொடுத்து அதனைக் காட்டக் கூடுமாயின், அது நேரத்தை இழத்தலன்று.

கல்வியைக் கைத்தொழிலின் வாயிலாகப் புகட்டல் வேண்டுமென்று காந்தியடிகள் 1937 இல் வார்தாவிற் கூடிய மாநாட்டில் எடுத்துரைத்தார். ஆசிரிய கலாசாலையிற் பயில்வோர் யாவரும் செய்து கற்றல் என்னும் கோட்பாட்டைப் பரீட்சைக்கு எழுதுகின்றனர். எழுதியது விடைத்தாளோடு நின்றுவிடுகின்றது. காரணம் நேரமின்மை மட்டுமன்று. கையால் உழைப்போரைத் தாழ்வாக எண்ணும் பழைய நோய் எம்மிடம் இன்னும் முற்றாக மாறவில்லை. தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்க முந்துகின்றோம். அத்தேரைச் செய்த கைகளை எந்த வரிசையில் இருத்தினோம் என்பதை நினைத்தால் நாணம் உண்டாகும். தன் கையால் அராவிப் பழகிய மாணவன், அராவி உண்பவனை இகழமாட்டான். இவ்வொரு பயனுக்காகவேனும் யாம் இக்கலையை வேண்டுவோம்.

எம் மண்ணில் இதற்குச் சான்றில்லாமலும் இல்லை. 1990 முதற் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளிற் பெற்றோல் அரும்பொருளாயிற்று. அக்காலத்தில் எம் ஊர்த் திருத்தகத்தார் ஒஸ்ரின், மொறிஸ் கார்களையும் மோட்டார்ச் சைக்கிள்களையும் சில துளி பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினர். உதிரிப்பாகம் இல்லாதபோது வேறொன்றை அராவிப் பொருத்தினர். நோயாளரும் கருவுற்ற தாய்மாரும் மருத்துவமனை சேர்ந்தது அக்கைகளால். அவர்களுட் பலர் கல்லூரிப் படிப்பை இடையில் விட்டவர்கள். கல்லூரி கற்பிக்காத ஒன்றை அவர்கள் அறிந்திருந்தனர். இன்றாயினும் கல்லூரி அதனைக் கற்பிக்கலாகாதா?

சேர்ப்போரும் செய்வோரும்

இப்பொழுதுபோக்கிலும் தீங்குகள் உள. அவற்றை மறைத்தல் முறையன்று. முதலாவது, சேர்த்தல் வெறி. கார் ஒன்றைப் பெட்டி திறவாது வைத்தால் விலை ஏறும் என்று, சிறுவர் கைபடாமல் பூட்டி வைப்போர் பலர். 1969 இல் மற்றெல் நிறுவனத்தார் கடலலைப் பலகை ஏற்றிய வொக்ஸ்வாகன் சிறு வண்டியொன்றை வடிவமைத்தனர். பலகைகளைப் பின் யன்னல் வழியே செருகிய முதல் மாதிரி ஒடுங்கியதாய் இருந்தமையால் ஓடுதடத்தில் நிலைகொள்ளவில்லை. பின்னர் உடலை அகலமாக்கி, பலகைகளைப் பக்கங்களிற் செருகும்படி திருத்தி வெளியிட்டனர். திருத்தமுறாத அம்மாதிரிகளே இன்று சேகரிப்போரிடையே பெருவிலை பெறுகின்றன. விலையை வியப்போர் அதனை வியக்கட்டும். யாம் வியப்பது, பிழைபட்டதைத் தள்ளிவிடாது மீண்டும் செய்த அத்தொழிலாளர் மனத்தையே.

இரண்டாவது தீங்கு வஞ்சனை. பூச்சை மாற்றி, சில்லை மாற்றி, சாதாரணக் காரை அரிய கார் என்று விற்போர் உளர். திறமை அறத்தைவிட்டு நீங்கினால் இவ்வாறே முடியும். நேர்மையான கலைஞர் தாம் மாற்றிய காரின் அடித்தகட்டிலே தம் குறியையும் ஆண்டையும் இடுவர். இது பழையதன்று, என் கையாற் புதுக்கியது என்று அக்குறி உரைக்கும். எம் மாணவர்க்கு முதல் நாளிலேயே இவ்வழக்கத்தைக் கற்பித்தல் வேண்டும். மேலும், அரிய பழம்பொருள் ஒன்று பழுதின்றிக் கிடைத்தால் அதனைத் தொடாது காத்தலே நன்று. அரத்திற்கு இரையாக்கத் தக்கவை உடைந்தவையே.

சொல்லும் செயலும்

தமிழாசிரியன் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பார்க்கும் விடை உண்டு. அரம், துறப்பணம், அச்சு, இருசு, சில்லு, தறைதல், அராவுதல், மெருகிடல் ஆகிய சொற்கள் எம் மாணவர் வாயில் இன்று வழங்குவன அல்ல. அகராதியைத் திறந்து பொருள் கூறினால் எழுதிக்கொள்வர். பரீட்சை முடிந்ததும் மறப்பர். கையிலே அரத்தைக் கொடுத்து, இது அரம், இதனாற் செய்வது அராவுதல் என்று கூறின் அச்சொல் அவன் உயிருள்ளவரை நிற்கும். பட்டறைகளில் வாழ்ந்த தமிழ் பட்டறைகளோடு அழிகின்றது. அதனைக் காக்கச் சங்கம் வேண்டா, வேலை வேண்டும்.

இன்னுமொன்று. ஒவ்வொரு மாணவனும் தான் மாற்றிய காருக்குப் பக்கத்தில் அரைப்பக்கக் குறிப்பு எழுதி வைத்தல் வேண்டும்: எந்தக் கார், எவ்வாறு கிடைத்தது, எவற்றை மாற்றினான், எது கெட்டது, எவ்வாறு திருத்தினான் என்று. 'மழைக்காலம்' என்னுந் தலைப்பில் யாரோ எழுதிய வாக்கியங்களை மனனஞ் செய்து ஒப்புவிக்கும் கட்டுரையிலும், இவ்வரைப்பக்கம் மேலான தமிழாயிருக்கும். தான் செய்ததைச் சொல்பவனுக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை.

கல்லூரி செய்யத்தக்கது

எமது வேண்டுகோள் மூன்று. முதலாவது, கல்லூரி நிருவாகத்தாருக்கு: காற்றோட்டமுள்ள ஓர் அறை, நீண்ட மேசை இரண்டு, கிழமைக்கு இரண்டு மணி நேரம். சித்திர ஆசிரியர் நிறத்தையும், விஞ்ஞான ஆசிரியர் உலோகத்தையும், கணித ஆசிரியர் விகிதத்தையும் எடுத்துரைப்பார். ஊர்த் திருத்தகத்தார் ஒருவரை மாதம் ஒருமுறை அழைத்து, ஆசிரியர் அமரும் நாற்காலியில் அவரை இருத்தி, அவர் சொல்வதை மாணவர் கேட்கட்டும். விழா நாளிலே ஆக்கிய கார்களை மண்டபத்திற் காட்சிக்கு வைக்கலாம்.

இரண்டாவது, கடல்கடந்து வாழும் பழைய மாணவருக்கு: விடுமுறையில் ஊருக்கு வருகையில் மருமக்களுக்கும் பெறாமக்களுக்கும் பளபளக்கும் புதிய கார்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டு வருகின்றீர்கள். அன்பு மகிழ்ச்சி தருகின்றது. அவற்றோடு, உங்கள் பிள்ளைகள் விளையாடி உடைத்துக் கழித்த கார்களையும் ஒரு பொதியாகக் கட்டிக் கல்லூரிக்குக் கொண்டு வாருங்கள். சிறு அரத் தொகுதி ஒன்றும் புரிவெட்டி ஒன்றும் உடன் இருப்பின் நன்று. பொற்றேரிலும் உடைந்த தேரே எமக்குப் பயன்படும்.

மூன்றாவது, மாணவர்காள், உங்களுக்கு: வீட்டு மூலையிற் கிடக்கும் உடைந்த கார் ஒன்றைத் தேடி எடுங்கள். அது எந்த நிறத்தில் வந்தது என்று பாராமல், எந்த நிறத்தில் இருத்தல் வேண்டும் என்று எண்ணுங்கள். ஒருவன் பாட்டனார் ஓட்டிய ஒஸ்ரினின் நிறத்தைத் தீட்டலாம். மற்றொருவன் தன் ஊர்த் தெருவில் ஓடும் சிற்றூர்தியின் வரிகளைத் தீட்டலாம். முதற் கார் அழகாய் அமையாது. இரண்டாவது சற்றுத் தேறும். பத்தாவதைப் பார்க்க அயலார் வருவர். அப்போது அடித்தகட்டைத் திருப்பி உங்கள் குறியைக் காட்டுங்கள்.

கல்லூரியின் சுவர்கள் உயர்ந்தன, மண்டபங்கள் எழுந்தன, பட்டம் பெற்றோர் பெருகினர். இனி, தாம் தொட்ட பொருளைச் செப்பமாக்கும் கைகளும் இங்கிருந்து பெருகுவனவாகுக.